ஓசை அடங்கிய ஈர்வாள்

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் செங்கம் வருகிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாத்தின் தலைவன் நன்னனுடைய செங்கண்மா இவ்வூரே என்பது அறிஞர் பலர் ஒப்பிய முடிவு. 583 அடிகள் கொண்ட அப்பாட்டை நம்மில் பலர் மலைவளத்துக்காகவும் இசைக்கருவிகளுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அது ஒரு வழிநூலும்கூட. எங்கே கால் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், புனம் காப்போர் வீசும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும் என்றெல்லாம் கூத்தருக்கு எடுத்துரைக்கும் பெருங்கௌசிகனார், வழிகள் பிரியும் இடத்தைத் துடைத்துச் சீராக்கி, பின்னால் வருவோர் தடுமாறாதபடி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகுமாறும் சொல்கிறார். இவ்வட்டாரத்தில் மலைப்பாதையைச் செப்பனிடுவது பற்றி நாம் அறிந்த மிகப் பழைய குறிப்பு இதுதான். அதற்கு வேண்டிய கருவி இரண்டு கைகள்.

அண்ணாமலையின் அடிவாரத்தில் நாற்று நடும் நண்பர்கள் சிலர், பாதையில் சாய்ந்து கிடக்கும் மரங்களை அகற்ற பேட்டரியில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எத்தகையது என்று நம்மிடம் கேட்டபோது இப்பாட்டுத்தான் முதலில் நினைவுக்கு வந்தது. (இலக்கியப் பித்து உள்ளவர்களிடம் கடைச்சரக்கு பற்றி யோசனை கேட்டால் இப்படித்தான் ஆகும்.) கேள்விக்கு விடை தேடப் போய் அந்தக் கருவியின் வரலாற்றுக்குள் நெடுந்தொலைவு சென்றுவிட்டோம்.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் எண்ணம் மரத்துக்காகத் தோன்றியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள் எலும்பை அறுக்க, பல் பதித்த மெல்லிய சங்கிலியைக் கையால் இழுத்துப் பயன்படுத்தினர். 1830இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் ஹைனே அதைக் கைப்பிடி சுழற்றி இயக்கும் கருவியாக்கினார். காட்டுக்கு அது வந்து சேர மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இங்கே நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் உருவாக்கிய சங்கிலி ரம்பம் மின்சாரத்தில் ஓடியது! இருவர் சேர்ந்து பிடிக்கவேண்டிய பாரம் அது. கம்பி எட்டும் தூரம்வரைதான் அதன் ஆட்சி. அடர்காட்டில் கம்பி ஏது? மறு ஆண்டே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார். அம்மலையின் பெயரே பிறகு அவர் நிறுவனத்தின் பெயராயிற்று. ஸ்டீலும் 1929இல் பெட்ரோலுக்கு மாறினார். அந்த ரம்பத்தின் எடை 46 கிலோ. 1959இல் வந்த 'கான்ட்ரா' 12 கிலோதான். ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு எந்த மலைக்கும் ஏறலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. இடையில் 1946இல் அமெரிக்காவின் ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டின் புழு ஒன்று நார்வாக்கிலும் குறுக்கிலும் ஒரே எளிமையோடு தின்றுகொண்டு போவதைக் கண்டு, அதன் தாடையைப் போலவே சங்கிலியின் பல்லை வளைத்தார். இன்று நம் ஊர் மரவாடிகளில் ஓடும் மெஷின்களின் பல்லிலும் அந்தப் புழுவின் தாடை இருக்கிறது.

1991இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தது. இன்றைய பேட்டரி ரம்பம் அதன் பிள்ளை. புதுமை என்று நாம் நினைப்பது உண்மையில் 1926க்குத் திரும்பிப் போவதுதான். நடுவில் கம்பி மட்டும் அறுந்திருக்கிறது.

இனி அண்ணாமலைக்கு வருவோம். 800 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள இம்மலை நெடுங்காலம் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இரையாகி மொட்டையாகக் கிடந்தது. 1980களின் இறுதியிலிருந்து பல குழுக்கள் வனத்துறையோடு சேர்ந்து மரம் நட்டு வருகின்றன. மழைக்குப் பின் ஆளுயரம் வளரும் புல் தை, மாசியில் காய்ந்து சருகாகிறது. ஒரு பொறி போதும், பல ஆண்டு நாற்றுகள் ஒரே இரவில் கருகிவிடும். ஆகவே மலையைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி தீத்தடுப்புக் கோடு வெட்டுவதுதான்: அரிவாளால் புல்லை அறுத்துச் சரிவின் குறுக்கே வெறுந்தரையாக ஒரு பட்டை விடுவது. அந்தப் பட்டையே பல இடங்களில் நடைபாதையாகவும் ஆகிறது. ரம்பத்துக்கு இதில் வேலை சொற்பம். காற்றில் சாய்ந்த மரம், பாதையை மறிக்கும் கிளை, இவ்வளவுதான்.

பெட்ரோல் ரம்பம் இங்கே ஏன் பொருந்தாது என்பதற்கும் இந்தப் புல்லே காரணம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. சிறிய எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே தள்ளுகிறது. அறுத்து முடித்த ரம்பத்தைக் காய்ந்த புல்மேல் வைத்தால் அதன் புகைபோக்கி தீக்குச்சியின் வேலையைச் செய்யும். தீயைத் தடுக்கப் போனவரே தீ வைத்தவராவார். பேட்டரி ரம்பத்தைப் 'பசுமைக் கருவி' என்று புகழும் விளம்பரங்களில் நமக்கு நம்பிக்கையில்லை. லித்தியத்தையும் கோபால்ட்டையும் தோண்டும் குழிகள் வேறு கண்டங்களில் இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. ஆனால் சுடுகின்ற புகைபோக்கி இல்லை என்ற ஒரே காரணம் இந்த மலைக்குப் போதும் என்று தோன்றியது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் மின்கலத்தின் கொள்ளளவு தெரியும். 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 180 வாட் மணி. பெட்ரோலின் கணக்கோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும் அளவுதான். ஆனால் மின்மோட்டார் வீணாக்குவது குறைவு, விசையை விட்டதும் நின்றும் விடுகிறது. பாதை வேலைக்கு 12 அல்லது 14 அங்குல அலகு தாராளம். மலையேறுபவர் எடையைத்தான் முதலில் பார்க்கவேண்டும், அதுவும் மின்கலத்தைச் சேர்த்த எடையை. கடையில் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் மின்கலம் இல்லாத எடை. அலகுக்கு எண்ணெய் இதற்கும் வேண்டும். வெயிலில் கொதித்த மின்கலத்தை உடனே மின்னேற்றக் கூடாது, நிழலில் ஆறவிட வேண்டும். சித்திரை வெயிலில் இது சிறிய செய்தியன்று.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டம் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மோட்டார் கருவிகளை விலக்கியதால், அங்கே பாதை செப்பனிடுவோர் இன்றும் இருவர் இழுக்கும் குறுக்கு ரம்பத்தையே நம்புகின்றனர். பேட்டரியும் மோட்டார்தான் என்பதால் அதற்கும் விலக்கில்லை. முதலில் இது பிடிவாதமாகத் தோன்றியது. பிறகு ஓசையைப் பற்றி யோசித்தோம்.

மலைபடுகடாம் என்ற பெயரே ஓசையிலிருந்து பிறந்தது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதமாகவும் கண்ட பெயர் அது. அருவி, புனங்காவலர் ஆரவாரம், விலங்கின் முழக்கம் என்று ஒவ்வொன்றையும் கேட்டே அங்கே என்ன நடக்கிறது என்று அறிகிறார்கள். நம் காலத்தில் பெட்ரோல் ரம்பத்தின் அலறலும் அப்படி ஒரு செய்தி: யாரோ ஒரு மரத்தை அறுக்கிறார்கள். 2015-16இல் 14 கிலோமீட்டர் கிரிவலச் சாலையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது ஊரார் எழுந்தனர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. பகல்வெளிச்சத்தில், பலர் நடக்கும் சாலையில், சத்தத்தோடு நடந்த வேலை அது. ஓசையின்றி, ஆளரவமற்ற சரிவில் நடந்திருந்தால்?

இவ்வச்சத்துக்கு அரசுகள் கண்ட விடை பதிவேடு. பிலிப்பைன்ஸ் 2002இல் சங்கிலி ரம்பத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 2019இல் ரம்பம் வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை வந்தது. துப்பாக்கியைப் போல ரம்பமும் உடைமையாளன் பெயரோடு இருக்கவேண்டும் என்ற எண்ணம் மிகையல்ல என்றே நாம் கருதுகிறோம்.

நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 14 அங்குல அலகுள்ள ரம்பம் ஒன்றும் இரண்டு மின்கலங்களும் வாங்கினார்கள். வனத்துறை அனுமதித்த நாளில், விழுந்த மரத்துக்கு மட்டும் என்பது ஏற்பாடு. வளைவுக்கு அப்பால் வெறுங்காலோடு வருபவருக்கு ரம்பம் ஓடுவது தெரியாது என்பதால், அறுக்கத் தொடங்குமுன் ஒருவர் மேட்டில் நின்று உரக்கக் குரல் கொடுக்கிறார். மற்ற நாளெல்லாம் அரிவாள்தான். இவ்வாண்டு ரம்பத்தை மூன்று முறைதான் எடுத்தார்களாம்.