மிஸ்வாக் குச்சியிலிருந்து நைலான் தூரிகை வரை

 

பழவேற்காட்டின் வரலாற்றை எழுத முனைவோர் 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையில் தொடங்கி, 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியதோடு முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கோட்டை இடிந்து புதர் மண்டிப் போயிற்று. ஆனால் அக்காலத்தில் இவ்வேரிக்கரையில் வாழ்ந்தவர்கள் காலையில் எழுந்ததும் முதற்கண் செய்த காரியம் இன்றளவும் நம் வீட்டுக் கொல்லைகளில் நாள்தோறும் நடைபெற்று வருகிறது. பல் துலக்குவதைத்தான் குறிப்பிடுகிறோம். பல்லுக்கு என்ன வரலாறு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். குச்சி போய்ப் பொடி வந்தது. பொடி போய்ப் பசை வந்தது. பொருள் மாறியதால் பெருங்கேடு எதுவும் விளைந்துவிடவில்லை. குச்சியோடு பிணைந்திருந்த வேளைகளும் அதனோடு சேர்ந்து நழுவிப் போயின என்பதே நம் கவலை. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

மிஸ்வாக் குச்சி எந்த மரத்திலிருந்து கிடைக்கிறதோ அம்மரத்தை அரபியில் 'அராக்' என்பர். (இப்பெயரைக் கேட்டுச் சிலர் சாராயத்தை நினைத்துத் திகைப்பதுண்டு. அச்சொல் ஐன், காஃப் என்னும் வேறு எழுத்துகளால் ஆனது; இரண்டிற்கும் உறவில்லை.) அரபு நாட்டிற்கே உரியதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் இம்மரம் தமிழகத்திற்குப் புதியதன்று. உகாய் என்றும் உகா என்றும் தமிழில் அதற்குப் பெயருண்டு. குறுந்தொகையில் பாலை நிலத்து மரமாக அது பேசப்படுகிறது. வேதாரண்யம், கோடியக்கரைப் பகுதியின் உப்பு மண்ணில் இன்றும் அது செழித்து நிற்கிறது. உவர்நிலத்தில் வேறு மரங்கள் கருகும் இடத்திலும் தழைக்கக்கூடியது. அதன் வேரைக் கடித்தால் கடுகைப் போன்று சுள்ளென்று உறைக்கும். அவ்வுறைப்பைத் தரும் பொருள் வாயிலுள்ள நுண்கிருமிகளை ஒடுக்கவல்லது என்பதை இக்கால ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

குச்சியால் பல் துலக்குவது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியென்று கூறும் பழமொழியை இவ்வூரில் அறியாதார் இல்லை. வேம்பும் வேலமும் புங்கமும் நம் அண்டை வீட்டாரின் வாயிலும் நம் வாயிலும் ஒருங்கே மெல்லப்பட்டவை. சரகரும் சுசுருதரும் பற்குச்சியின் இலக்கணத்தை வகுத்துள்ளனர். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டில் தங்கிக் கற்ற சீனத் துறவி இட்சிங், இங்குள்ள துறவிகள் காலையில் பற்குச்சியை மென்று பல் துலக்கும் முறையைத் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார்.

அதே ஏழாம் நூற்றாண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்தது யாதெனில், உலகம் காலையில் ஒருமுறை செய்துவந்ததை நாள் முழுவதற்குமாகப் பரப்பியதாகும். தம் சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருப்பின் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யும்படி ஆணையிட்டிருப்பேன் என்னும் கருத்தில் அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. இரவில் எழுந்ததும் வாயைத் துலக்கினார்கள் என்றும், வீட்டினுள் நுழைந்ததும் முதலில் மிஸ்வாக் செய்தார்கள் என்றும் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. கி.பி. 632இல் அவர்களது இறுதி நோயின்போது அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் குச்சியுடன் உள்ளே வர, அண்ணலவர்களின் பார்வை அக்குச்சியின் மேல் படிந்ததைக் கண்ட ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுத்த நிகழ்ச்சியை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அந்தப் பார்வை அண்ணலாருடையது. பள்ளிவாசலில் உளூச் செய்யுமிடத்தில் சட்டைப்பையிலிருந்து குச்சியை எடுத்த தலைமுறை இந்த வேளைகளைத் தம் உடம்போடு வைத்திருந்தது.

பல் நோய்க்கான காரணத்தை மனிதன் அறிந்துகொண்டதோ மிக மெதுவாக நடந்தது. பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்றே பல்லாயிரம் ஆண்டுகள் உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாயில் பிடிக்கச் செய்து 'புழு எடுக்கும்' வைத்தியம் நெடுநாள் நிலவியது. மேற்கு நாடுகளில் இதற்குக் குரோசாணி ஓமத்தைப் பயன்படுத்தினர். சூட்டில் அவ்விதை வெடிக்க, உள்ளிருக்கும் முளைக்கரு வெளிப்பட்டு வெள்ளைப் புழுவைப் போன்று தோன்றும். நோயாளியும் கண்ணால் கண்டதை நம்பிக் காசு கொடுப்பான்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஜவ்பரீ என்பார் அரபு நாட்டு ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தி எழுதிய நூலில், பல்லிலிருந்து புழு எடுப்போரையும் விட்டுவைக்கவில்லை. 1728இல் பிரெஞ்சு நாட்டுப் பியர் ஃபோஷார் தமது பல் மருத்துவ நூலில் புழுக் கதையை மறுத்தார். 1890இல் வெளிவந்த மில்லர் என்பவரின் நூல்தான் உண்மையைத் துலக்கிக் காட்டியது. நாம் உண்ணும் மாவும் சர்க்கரையும் பல்லிடுக்கில் தங்க, வாயிலுள்ள நுண்கிருமிகள் அதனை அமிலமாக்குகின்றன; அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்புத் தேநீர் பருகும்போதும் இந்தக் கரைப்பு புதிதாகத் தொடங்குகிறது.

இங்கே ஒரு பேரறிஞரைத் தனித்துச் சொல்லியாக வேண்டும். கி.பி. 936 முதல் 1013 வரை ஸ்பெயினின் குர்துபா நகரையொட்டி வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, பல்லின் அடியில் படியும் காரையே ஈறு கெடுவதற்குக் காரணமென்று உணர்ந்து, அதைச் சுரண்டி எடுப்பதற்கு 14 வகைச் சுரண்டிகளை வரைபடத்தோடு தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விளக்கினார். ஒருநாளில் முற்றும் நீங்காவிடில் மறுநாளும் தொடரச் சொன்னார். பல் மருத்துவரிடம் சென்று காரை நீக்கினால் பல் ஆடிவிடும் என்று நம்மவர் பலர் இன்றும் அஞ்சி நிற்கின்றனர். காரை மண்டி ஈறு இறங்கிய பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியதுதான். காரை அதை மறைத்து நின்றது, அவ்வளவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதிவைத்த சிகிச்சையைக் கண்டு முஸ்லிம்களே அஞ்சுவது நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இனித் தூரிகைக்கு வருவோம். மயிர் பதித்த பல் தூரிகை சீனத்தில் தோன்றியது. 1780ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் என்பவர் அதனைத் தொழிலாக நடத்தத் தொடங்கினார். அக்காலத் தூரிகைகளில் பெரும்பாலும் பதிக்கப்பட்டது பன்றி மயிர். அதையறிந்த முஸ்லிம்கள் அப்பொருளை வாயருகே கொண்டுசெல்லத் தயங்கியதில் வியப்பில்லை. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் நைலான் இழையைக் கொணர்ந்தது. அவ்விழை முதன்முதல் விற்பனைக்கு வந்ததே பல் தூரிகையின் வடிவில்தான். அத்துடன் தயக்கத்திற்கான காரணம் நீங்கிற்று. அதே நைலான் பிற்காலத்தில் நம் ஏரிக்கு வலையாக வந்து பருத்தி நூல் வலையை அகற்றியது. ஒரே இழை பல்லையும் வலையையும் மாற்றிய விந்தையை எண்ணிப் பாருங்கள். இன்னொரு வகையிலும் அவை சந்திக்கின்றன. வலை பின்னும்போதும் ஒட்டுப்போடும்போதும் நைலான் நூலை முன்பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் நம் மீனவச் சகோதரர்களிடம் உண்டு. ஆண்டுக்கணக்கில் அவ்வாறு செய்தால் பல்லின் விளிம்பில் பள்ளம் விழுந்துவிடும். ஒரு சிறு கத்திரிக்கோல் போதும்.

தூரிகை ஊருக்குள் வருமுன் விரலும் பொடியும்தான் ஆட்சி செய்தன. உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கற்பொடி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தேய்த்தார்கள். 1913இல் நஞ்சன்கூட்டில் தொடங்கிய சத்வைத்தியசாலையின் பல்பொடி தென்னாட்டு வீடுகளில் பெயர் பெற்றது. 1937இல் கோல்கேட் நிறுவனம் இந்தியாவில் நிறுவப்பட்டது. பின்னாளில் சிவப்புப் பல்பொடியொன்று மருந்தா, அன்றிப் பல்பொடிதானா என்று வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, அப்பொடியில் 70 விழுக்காடு காவி மண் என்பது வெளிப்பட்டது. மண்ணையும் கரியையும் கொண்டு தேய்த்தால் பல் வெளுக்கும் என்பது உண்மையே. வெளுப்பது அழுக்கு நீங்கியதால் மட்டுமன்று. பல்லின் மேலுறையான எனாமல் தேய்வதாலும்தான். எனாமல் மீண்டும் வளராது.

பொடிகளில் கொடியது புகையிலை கலந்தது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. ஆயினும் மூக்குப்பொடியையோ புகையிலைத் தூளையோ ஈற்றில் தேய்த்தால் பல்வலி தணியும் என்று நம்பும் மூதாட்டியர் இன்றும் உள்ளனர். வலி மரத்துப்போகுமே தவிர நோய் உள்ளே வளரும். புகையிலையோடு மட்டும் இது நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று வகைப்படுத்தியுள்ளது. நிக்காஹ் வீடுகளில் தாம்பூலத் தட்டு வைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தலாகாது.

இந்நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி ஒரு முஸ்லிமின் உழைப்பால் உருவானது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கிழக்கு வங்காளத்தில் பிறந்து அலிகரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்ற டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத், 1920இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். செலவுக்குத் தாம் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயைப் பயன்படுத்தினார். சர்க்கரைப் பானம் விற்ற காசில் பல் மருத்துவம் கற்பித்த அம்மனிதரை எண்ணும்போது புன்னகை எழுகிறது! ஃபாத்திமா ஜின்னா அவர்கள் பல் மருத்துவம் பயின்றதும் அக்கல்லூரியில்தான். 1949இல் கல்லூரியை அவர் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

இனி நம் நிலைமையைப் பார்ப்போம். பாடு முறையில் தங்கள் முறை வரும் இரவுகளில் ஏரியில் தங்குவோர் தூக்கம் வராதிருக்கச் சர்க்கரைத் தேநீரை அடிக்கடி பருகுகின்றனர். விடியலில் கரையேறியதும் அப்படியே படுத்துவிடுகின்றனர். உறக்கத்தில் உமிழ்நீர் குறையும். அமிலத்தைக் கழுவ வாயில் நீர் இராது. எனவே உறங்குமுன் துலக்குவது, எழுந்தபின் துலக்குவதைக் காட்டிலும் முதன்மையானது. பகலில் உறங்குவோர்க்கு அது பகல் வேளையாகும். நோன்பு மாதத்தில் சஹர் உண்டு சுப்ஹு தொழுது உறங்குவோர்க்கும் இதுவே பொருந்தும். நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டென்பது தெரிந்ததே. சஹர் முடிந்து பாங்குக்கு முன் தூரிகையால் துலக்குவதில் எவருக்கும் வேறுபாடில்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க வைக்கும் தாய்மார்களும் இதைக் கேட்க வேண்டும். பால்பல் விழுந்துவிடப் போவதுதானே என்று விட்டால், அடியில் வரும் பல்லுக்கும் கேடு தொடரும்.

மிஸ்வாக்கா, பசையா என்று கேட்போர் உண்டு. இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து. 1980களில் உலக சுகாதார நிறுவனம் பற்குச்சிப் பழக்கத்தை ஊக்குவித்தது. அதே நிறுவனம் 2021இல் ஃபுளோரைடு பற்பசையை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. குச்சியில் போதிய ஃபுளோரைடு கிடையாது. கடைவாய்ப் பல்லின் உட்புறத்தை அது எளிதில் எட்டுவதுமில்லை. ஆகவே காலையிலும் உறங்குமுன்னும் மென்மையான தூரிகையில் ஃபுளோரைடு பசையிட்டு இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு அதிகம் கொப்பளிக்காமல் விட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அரிசி அளவு பசை போதும். உளூவின் வேளைகளில் குச்சியைப் பயன்படுத்தலாம். நுனியை நாள்தோறும் வெட்டிப் புதிதாக மென்றுகொள்ள வேண்டும். காய்ந்து விறைத்த குச்சியை ஈற்றில் அழுத்தித் தேய்ப்பதால் ஈறு கீழிறங்கிவிடும்.

பல் கூசத் தொடங்கும்போதே மருத்துவரிடம் காட்டினால் அடைத்துக் காப்பாற்றலாம். வலி வந்தபின் சென்றால் பெரும்பாலும் பிடுங்கத்தான் நேர்கிறது. செலவுக்கு அஞ்சுவோர் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தின் அருகேயுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். அது 1953இல் தொடங்கப்பட்டது. நம் கரையிலிருந்து பேருந்தில் பொன்னேரி சென்று, அங்கிருந்து மின்ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் அதிகத் தொலைவில்லை. வெளிநோயாளர் சீட்டு காலையில் கொடுக்கப்படுவதால் சுப்ஹு தொழுததும் புறப்பட்டுவிடுவது நல்லது.