உப்புநீர் போன வழி: ஹால்ஷ்டாட்டின் மலைப்பாதையும் ஏரிப் பவனியும்

ஆஸ்திரியாவின் சால்ஸ்காமர்கூட் மலைநாட்டில், ஏரிக்கும் செங்குத்துப் பாறைக்கும் இடையே நெருக்கியடித்து அமைந்த ஊர் ஹால்ஷ்டாட். ஊர்க்காரர்கள் 750 பேர் அளவில்தான். கோடையில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து குவிகிறார்கள். வருகிறவர்களுக்கு மலைப்பாதை இயற்கையின் கொடையாகவும், ஏரியில் நடக்கும் படகுப் பவனி ஆதிகால மரபாகவும் தெரிகிறது. உப்பை ஏகபோகமாக ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் தேவைகளிலிருந்தே இரண்டும் பிறந்தன என்று காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

உப்பெடுக்கும் தொழில் அரசுகளுக்கெல்லாம் மூத்தது. ஊருக்கு மேலுள்ள உப்பு மலையில் கிடைத்த மான்கொம்புக் கொத்து சுமார் 7,000 ஆண்டுப் பழமை உடையது. 2003-இல் சுரங்கத்துக்குள் கண்டெடுத்த மரப்படிக்கட்டு கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுரங்க மேலாளர் ராம்சௌவர் 1846 முதல் 1863 வரை தோண்டி ஏறக்குறைய 980 கல்லறைகளைப் பதிவு செய்த பிறகு, ஐரோப்பிய இரும்புக்காலத்தின் முற்பகுதிக்கே இவ்வூர்ப் பெயர் நிலைத்தது. இவை பலரும் எழுதியவை. நமக்கு வேண்டியது 16ஆம் நூற்றாண்டின் இறுதி.

அப்போது தட்டுப்பாடு உப்புக்கு இல்லை, விறகுக்கு. மலைக்குள் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரை வெளியே கொண்டுவந்து காய்ச்சுவார்கள். நன்கு செறிந்த உப்புநீரிலும் நூற்றுக்கு 27 பங்கு அளவுக்குத்தான் உப்பு. மீதியை ஆவியாக்க அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சுற்றுக்காடுகள் தாங்கவில்லை. விறகு இருக்கும் இடத்துக்கு உப்புநீரையே அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. 1595-இல் தொடங்கி 1607-இல் முடிந்த குழாய்த்தடம், காடடர்ந்த எபென்சே வரை 40 கிலோமீட்டர் நீண்டது. சுமார் 13,000 மரங்களை நீளவாக்கில் துளைத்து, ஒன்றின் வாயில் ஒன்றைப் பொருத்தினார்கள்.

மரக்குழாய் ஒழுகும், இற்றுப்போகும். ஆட்கள் ஓயாமல் நடந்து பார்த்து, கெட்டதைக் கழற்றி மாற்ற வேண்டும். அவர்களுக்காக வெட்டிய தடமே இன்றைய உப்புநீர்ப் பாதை. அதில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: மேலும் கீழும் மலை செங்குத்தாக இருக்க, பாதை மட்டும் நெடுந்தூரம் மெல்லிய சரிவில் போகும். உப்புநீர் தானாக வழிந்தோடுவதற்காக அளந்து வகுத்த சரிவு அது. கோசாவ் ஓடை குறுக்கிடும் பள்ளத்தின் மேல் 1757-இல் கட்டிய 43 மீட்டர் உயரக் குழாய்ப்பாலமும் நிற்கிறது. உலகின் மிகப் பழைய குழாய்த்தடம் என்ற விளம்பரப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்; ரோமர்கள் ஈயக்குழாய் பதித்தது எப்போதோ.

குழாய் பதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஊர் கொந்தளித்தது. சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் லூத்தரன் சபைக்கு மாறியிருந்தார்கள். அவர்களைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பும் முயற்சி 1601-02 கிளர்ச்சியில் முடிந்தது. படை வந்து அடக்கியது. நற்கருணைப் பவனி ஏரியில் இறங்கியது இதற்குப் பிறகு, 1620-களில். உயிர்ப்புப் பெருவிழா கழிந்து 60ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை, கதிர்ப்பாத்திரம் ஏந்திய குரு பெரும்படகில் ஏற, வாத்தியக் குழுவும் சிறு படகுகளும் சூழ்ந்து வரும்.

பவனி வர நிலம் போதாததால் ஏரியைத் தேர்ந்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். இடநெருக்கடி உண்மைதான்: இடுகாட்டில் இடமின்றித் தோண்டியெடுத்த மண்டையோடுகள் 1,200-க்கு மேல் எலும்பு மண்டபத்தில் அடுக்கியிருக்கின்றன, பாதியளவுக்குப் பூவும் இலையும் பெயரும் தீட்டியிருக்கிறது. ஆனால் பக்கத்து டிரவுன் ஏரியில் இயேசு சபையினர் 1632-இல் இதேபோல் ஒரு பவனியைத் தொடங்கினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கரையெங்கும் வாழ்ந்த லூத்தரன் குடும்பங்களின் கண்முன் நிகழ்த்திய மதப் பிரகடனம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பணியாதவர்களை 1734 முதல் திரான்சில்வேனியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1781-இன் சகிப்பு ஆணைக்குப் பிறகே எஞ்சியவர்கள் வெளிப்பட்டார்கள். இன்று அஞ்சலட்டைதோறும் ஏரிக்கரையில் தெரியும் கூர்ங்கோபுரம், 1863-இல் அர்ச்சித்த அவர்களுடைய ஆலயத்தின் கோபுரம்தான்.

1877-இல் ரயில் வந்தது, அதுவும் எதிர்க்கரையில். நிலையத்தில் இறங்கி இன்றும் படகேறித்தான் ஊருக்கு வர வேண்டும். மேற்குக் கரையில் சாலை போட்டது 1890-இல். அதுவரை மலையிலிருந்து பாறையுப்பைப் பெண்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். சாலை வந்தபின் பழைய தடங்களில் பிழைப்புக்காக நடந்தவர்கள் குறைந்து, பொழுதுபோக்காக நடப்பவர்கள் கூடினார்கள்.

ஹால்ஷ்டாட், டாக்ஸ்டைன் பகுதியை 1997-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாகச் சேர்த்தபோது, மனிதர் உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சி என்றே வகைப்படுத்தியது. அது சரி. ஆனால் அந்த எல்லைக்குள் எபென்சே இல்லை. ஹால்ஷ்டாட்டில் உப்புக் காய்ச்சும் ஆலையை 1965-இல் மூடிவிட்டார்கள். உப்புநீர் இன்றும் குழாய்வழி எபென்சேக்குத்தான் போகிறது. ஜனவரி 5 இரவில் வெள்ளுடை அணிந்து, உள்ளே விளக்கெரியும் பெரிய காகிதத் தொப்பிகளைத் தலையில் தாங்கி ஓடும் குளோக்லர் விழாவும் அந்த ஊருக்கு உரியது. குழாயின் ஒரு முனையை மட்டும் மரபாக அறிவித்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்நிலத்தின் உப்பு வரலாற்றை முழுதாக எழுத முடியாது.