பொலன்னறுவையில் ஒரு பகல்

இலங்கைக்குப் போய்வந்த படங்களை நம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, "அந்தக் கற்கோயில் சோழர் கட்டியதா?" என்று பலர் கேட்டார்கள். சங்கச் செயலாளரும் மடலுக்கு எழுதித் தரச் சொன்னார். கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் நான் படம் எடுத்துப் போடாத ஓர் இடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைக்கிறேன்.

கண்டியில் தங்கியிருந்த நாங்கள் விடியற்காலையில் வேன் பிடித்து மாத்தளை, தம்புள்ளை வழியாகப் பொலன்னறுவைக்குப் போனோம். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கில்தான். சார்க் நாட்டவருக்குப் பாதிக் கட்டணம், ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஹோட்டல் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சோழர் கட்டியதுதான். 993-இல் ராஜராஜனின் படை இலங்கைக்குப் போனது. அனுராதபுரம் வீழ்ந்தது. சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். ராஜேந்திரன் காலத்தில், 1017-இல், மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்தான். 1070-இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். அந்த 77 வருடங்களில் எழுந்ததுதான் சோழ அரசியின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈசுவரம். அடி முதல் உச்சி வரை கல். நம்மூர்க் கோயில்களைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதுதான். ஆனால் சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் மேல்பாகம் இடிந்து கிடக்க, இது மட்டும் விமானத்தோடு நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. கடல் தாண்டிய காட்டுக்குள் அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

அதே படையெடுப்பை அந்த ஊர்ப் பாலி நூலான சூளவம்சம் வேறு விதமாக எழுதி வைத்திருக்கிறது: விகாரைகளை உடைத்தார்கள், பொன்னையும் மணியையும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று. நம் பேரேட்டில் வரவு, அவர்கள் பேரேட்டில் பற்று. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

அங்கிருந்து சில நிமிட நடையில் மதில் சூழ்ந்த ஒரு மேடை. புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கட்டடங்கள் அதற்குள் இருக்கின்றன. அங்கே நிற்கும் ஒரு பெரிய கற்பலகையில் தமிழ் எழுத்து. வேளைக்காரர் என்ற படைப்பிரிவினர் பொறித்தது. விஜயபாகு கட்டிய பல் கோயிலையும் அதன் சொத்துகளையும் உயிரைக் கொடுத்தாவது காப்போம் என்று உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோயிலுக்கும் 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரையே சேர்த்துவிட்டார்கள். சோழரை விரட்டிய மன்னனின் பௌத்தக் கோயிலுக்குத் தமிழ்ப் படையினர் காவல்! வங்கியில் எத்தனையோ ஜாமீன் பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். உயிரை ஈடு வைத்த பத்திரத்தை இப்போதுதான் பார்த்தேன்.

பராக்கிரம சமுத்திரம் என்ற ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் 2,500 ஹெக்டேர் பரப்பு. கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாட்களை விரல் விட்டு எண்ணும் நம் கரிசல்காட்டுக்காரர்கள் அதன் கரையில் நின்றால் பேச்சு வராது. இதை இப்போதுள்ள அளவுக்குப் பெருக்கியவன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). நான் சொல்ல வந்த இடமும் அவனோடு சேர்ந்ததுதான்.

1160-களின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். முற்றுகையில் சிக்கிய பராக்கிரம பாண்டியன் இலங்கை மன்னனின் உதவியைக் கேட்டான். படை வந்து சேர்வதற்குள் அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் தளபதி இலங்காபுரன் திரும்பவில்லை. இராமேசுவரத்தைப் பிடித்தான், குந்துகாலில் கோட்டை கட்டினான், உள்நாட்டுக்குள் புகுந்தான். (1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால்தான்.) பீதி காஞ்சிபுரம் வரை போனதை அங்குள்ள ஆர்ப்பாக்கம் கல்வெட்டு காட்டுகிறது. கடைசியில் சோழர்கள் வந்து இலங்கைத் தளபதிகளைக் கொன்று, தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. சூளவம்சத்தில் இந்தத் தலைகள் கிடையாது. அதில் வெற்றி மட்டும்தான்.

ஆனால் நம் கல்வெட்டுகள் பேசாத ஒன்றைச் சூளவம்சம் சொல்கிறது. பாண்டிய நாட்டில் பிடித்த தமிழர்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள். அனுராதபுரத்தின் பழைய பெருந்தூபியைப் பழுதுபார்க்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள். பொலன்னறுவையில் 1,300 முழச் சுற்றளவில் புதிதாக ஒன்றையும் கட்ட வைத்தார்கள். அதன் பெயரே தமிழத் தூபி. சிங்களத்தில் இன்றும் 'தெமள மகா சேய'. தெமள என்றால் தமிழ்.

கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர்களைப் பார்த்தோம். படுத்திருக்கும் சிலை மட்டும் 14 மீட்டர். அவ்வளவு கூட்டத்திலும் அமைதி குலையாத இடம். வெளியே வந்ததும் டிரைவரிடம் தூபியைப் பற்றிக் கேட்டேன். அவர் மாத்தளைப் பக்கத்து மலையகத் தமிழர். "அங்கன யாரும் எறங்க மாட்டாங்க ஐயா, வெறும் காடு," என்றார். "பரவாயில்லை தம்பி, ஒரு பத்து நிமிடம் நிறுத்துங்கள்," என்றேன்.

காடுதான். மரமும் புதரும் மூடிய ஒரு குன்று, இடையிடையே செங்கல். மேலே கோபுரம் கிடையாது, தட்டையாக நிற்கிறது. வேலை முடியவே இல்லை. என் மனைவி கீழே கிடந்த ஒரு செங்கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சுமந்தவங்க ஊருக்குத் திரும்பியிருப்பாங்களா?" என்று கேட்டாள். டிரைவர்தான் பதில் சொன்னார்: "எங்க தாத்தாவோட அப்பாவும் புதுக்கோட்டைப் பக்கத்திலேர்ந்து தோட்டத்துக்கு வந்தவருதாம்மா. திரும்பலை."

போர் நடந்த ஊர்களை வைத்துப் பார்த்தால், பிடிபட்டவர்கள் பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். ஓட்டப்பிடாரத்திலிருந்து அதிக தூரமில்லை. சோழர் கோயில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நாம், பாண்டிய நாட்டு ஜனங்கள் கட்டிய இந்தத் தூபியைத் தாண்டிப் போய்விடுகிறோம். எங்களோடு வந்த உறவினர்களும் வேனை விட்டு இறங்கவில்லை. வெயில் வேறு.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. தூபி, கல் விகாரையைத் தாண்டி வடக்கே போகும் வழியில் இருக்கிறது. காலையிலேயே டிரைவரிடம் சொல்லி வையுங்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்த அவர்களுக்கு மனம் வராது.