சாமி படம் வரைந்த ஊரும் மாயாவியை அச்சடித்த ஊரும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக வாசியுங்கள்.

இப்போது பிள்ளைகள் ‘கிராஃபிக் நாவல்’ என்கிறார்கள். நம் காலத்தில் அது படக்கதை. வீட்டுப் பெரியவர்கள் வாயில் ‘பொம்மைப் புஸ்தகம்’. பெயர்தான் புதிது. அதற்கு வேண்டிய மூன்றும் நம் கரிசல் வட்டாரத்தில் எப்போதோ வந்துவிட்டன. வரைய ஆள் இருந்தார்கள், அச்சு இருந்தது, கதையும் கொட்டிக் கிடந்தது. மூன்றும் ஒரே புத்தகத்தில் சேர்வதுதான் அரிதாகிப் போனது.

முதலில் ஓவியம். சி. கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940களில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, இங்கேயே தங்கிவிட்டார். 1976இல் மறையும் வரை இதுதான் அவருக்கு ஊர். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் என்று சீடர்கள் பலர். இவர்கள் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போனார்கள். உங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் பழைய சாமி படம் இருந்தால் கீழே மூலையில் கையெழுத்தைப் பாருங்கள். நம் ஊர்க்காரராக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து அச்சு. கோவில்பட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் சிவகாசி. அங்கே 1972இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ பத்திரிகையில் 1962இல் தொடங்கிய கதை அது. படம் வரைந்தவர்களில் முக்கியமானவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். இடையில் தொய்ந்து, 2012இல் மறுபடி எழுந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது. டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர், லக்கி லூக் பெல்ஜியத்தில் பிறந்தவர். இருவரும் சிவகாசித் தமிழ் பேசிக் குதிரை ஓட்டுகிறார்கள்.

கதைக்கு எங்கே போக வேண்டும்? பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் ஒரே ஆண்டில், 1923இல் பிறந்தார்கள். கரிசல் மண்ணின் பேச்சு எழுத்தாகிவிட்டது. கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு, படமும் எழுத்தும் எப்படிக் கைகோத்து நடக்கும் என்று தெரியும்.

பிறகு ஏன் சேரவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இரண்டு.

ஒன்று, கணக்கு. காலண்டருக்கு ஒரு படம் எழுதினால் லட்சம் பிரதி அச்சடிக்கலாம். படக்கதைக்குப் பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றாலும் நூறு பக்கத்துக்கு ஐந்நூறு படம் வேண்டும். அத்தனைக்கும் ஓவியருக்குக் கூலி கொடுப்பதைவிட, வெளிநாட்டில் வரைந்து முடித்த கதைக்கு உரிமை வாங்கித் தமிழாக்குவது பதிப்பாளருக்குக் கட்டுபடியாகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு, படத்தின் குணம். காலண்டர் சாமி நம்மை நேராகப் பார்த்து அப்படியே நிற்கும். நிற்பதுதான் அதற்கு அழகு. படக்கதையில் எந்தப் படமும் நிற்கக் கூடாது, அடுத்த கட்டத்துக்கு நம்மைத் தள்ளிவிட வேண்டும். ஸ்காட் மெக்லவுட் என்ற அமெரிக்கர் 1993இல் படக்கதையைப் பற்றி ஒரு புத்தகத்தைப் படக்கதையாகவே போட்டார். இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் கதை நடக்கிறது, அதை நிரப்புகிறவர் வாசகர் என்பது அவர் விளக்கம்.

நம் நாட்டிலும் வழி திறந்திருக்கிறது. ஒரிஜித் சென் 1994இல் நர்மதை அணைப் பிரச்சினையைப் படக்கதையாக்கினார். 2011இல் வந்த ‘பீமாயணம்’ அம்பேத்கரின் வாழ்க்கை. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. தங்கள் வீட்டுச் சுவரில் போடும் கோலத்தையே வளைத்துப் பக்கத்தைப் பிரித்தார்கள். லண்டன்காரர் மாதிரி வரைந்தால்தான் படக்கதை என்றில்லை.

நானும் ஒரு தாளை மடித்து ஆறு கட்டம் போட்டுப் பார்த்தேன். விஷயம் தீப்பெட்டி ஆபீஸ். முதல் கட்டம், விடியாத இருட்டில் தெரு. இரண்டாவது, வேன் வெளிச்சம். மூன்றாவது, தூக்குவாளி பிடித்த சின்னக் கை. நான்காவது, கட்டை அடுக்கும் விரல்கள். ஐந்தாவது, வகுப்பில் ஒரு பெஞ்சில் காலி இடம். ஆறாவது, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராக வரிசையாக ‘ஆ’. வசனம் ஒன்றுகூட எழுதவில்லை. என் மனிதர்கள் தீக்குச்சி மாதிரிதான் இருந்தார்கள். ஆனாலும் பார்த்த பேத்தி, “தாத்தா, அந்தப் பிள்ளை அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சா?” என்று கேட்டாள்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அந்த வேன்கள் உடனே நின்றுவிடவில்லை. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அந்த வேனில் போனவர்கள். நான் வெளியிலிருந்து காலி பெஞ்சைத்தான் பார்த்தேன். மூன்றாவது கட்டத்துக்கும் ஐந்தாவது கட்டத்துக்கும் நடுவில் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள்தான் வரைய வேண்டும்.

ஒரு தாள், ஒரு பென்சில் போதும். அழகாக வரவில்லையே என்று கிழித்துப் போடாதீர்கள். வரைந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர்கள் கேட்கட்டும்.