கழுத்தில் விழுந்த கோடு

வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம், மெல்லும்போது வலி என்றால் பல் டாக்டரிடம் போகிறோம். தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலித்தால் வேறு டாக்டர். ஆள் என்னவோ ஒரே ஆள்தான். இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1904-ல் லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்பு வலி பற்றிய உரையொன்றில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். நார்த்திசுவின் அழற்சி என்று பொருள். பின்னால் வந்தவர்கள் எவ்வளவோ தேடியும் அந்த அழற்சி அகப்படவில்லை. 1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பல் விழுந்து தாடை மூட்டு இடம் பிசகுகிறது, அது நரம்பை அழுத்துகிறது என்றார். உடற்கூறியலாளர்கள் பிறகு இதை மறுத்தார்கள். அதற்குள் தாடை பல் மருத்துவத்தின் சொத்தாகிவிட்டது. வலி மூட்டில்தான் என்றானபின், பல்லை ராவினார்கள், பற்கள் கடிபடும் விதத்தைத் திருத்தினார்கள்.

1980-களில் அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், மூட்டின் வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் துண்டை வைத்தார்கள். மென்று மென்று அது துகளாகி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தது. வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1990-ல் அரசு எச்சரித்தபோது பலருக்குத் தாடை மூட்டே மிஞ்சவில்லை.

அதே 1990-ல்தான் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு விதி வகுத்தார்கள். உடம்பில் 18 இடங்களை அழுத்த வேண்டும், 11 இடங்களிலாவது வலிக்க வேண்டும். அந்தப் பதினெட்டில் முகத்தில் ஒன்றுகூடக் கிடையாது! பல் டாக்டர் கழுத்துக்குக் கீழே பார்க்கவில்லை, இவர்கள் மேலே பார்க்கவில்லை.

இத்தனைக்கும் தடயங்கள் ஏற்கெனவே இருந்தன. 1975-ல் டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி குழுவினர் ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுத்துப் பார்த்தார்கள். தசைவலி வந்தது. 1983-ல் கிளிஃபோர்ட் வூல்ஃப், காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடைவதை எலிகளில் காட்டினார். ரேடியோவின் சத்தத்தை யாரோ கூட்டிவைத்த மாதிரி. சத்தம் கூடினால் தாடை மட்டும் எப்படித் தப்பும்?

1996-ல் வெளியான ஓர் ஆய்வை நான் பலமுறை படித்தேன். ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குத் தாடைக் கோளாறும் இருந்தது. தாடைக் கோளாறு உள்ளவர்களில் ஃபைப்ரோமயால்ஜியா இருந்தது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதாவது, தாடை வலி பலருக்குத் தாடையோடு நின்றுவிடும். சிலருக்கு அது உடம்பெங்கும் பரவிய வலியின் ஒரு முனை. அவர்களுக்கு மூட்டை மட்டும் அறுத்து என்ன பயன்? "எல்லாம் மனசுலதான்" என்று திருப்பி அனுப்புவதும் அநியாயம். வலியைக் கடத்தும் நரம்புகளே மாறியிருக்கின்றன.

2010-ல் விதி மாறியது. அழுத்திப் பார்ப்பது போய், 19 பகுதிகளில் எங்கெல்லாம் வலி என்று கேட்கும் பட்டியல் வந்தது. அதில் வலது தாடையும் இடது தாடையும் இருக்கின்றன. காஸ்டனின் கட்டுரையிலிருந்து எண்ணினால் 76 வருஷம். தாடையைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம், "வேறெங்கெல்லாம் வலிக்குது, தூக்கம் எப்படி?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகுமா?