மர்யம்: உம்மம்மாவின் பெயர் எங்கிருந்து வந்தது?



போன கிழமை ஒரு வாப்பா என்னிடம் கேட்டார். பிறந்த மகளுக்குத் தன் உம்மாவின் பெயரான மர்யம் என்பதையே வைக்க அவருக்கு விருப்பம். வீட்டில் இரண்டு எதிர்ப்புகளாம். "அது கிழவிமார்ட பேர்" என்று ஒரு பக்கம். "அது யூதப் பேராமே, இந்த நேரத்தில அதை வைக்கிறதா?" என்று மறுபக்கம். காஸாவிலிருந்து வரும் செய்திகளைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்பவரின் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கோபம் ஒரு குழந்தையின் பெயரில் வந்து விழ வேண்டுமா? இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஆம், மர்யம் எபிரேய மொழியிலிருந்து வந்த பெயர்தான். அந்த மொழியில் மிர்யாம் என்பார்கள். பைபிளில் இந்தப் பெயரோடு முதலில் வருபவர், மூஸா (அலை), ஹாறூன் (அலை) இருவரின் சகோதரி. கடலைக் கடந்து பிர்அவ்னிடமிருந்து தப்பிய பிறகு, கையில் பறையோடு பெண்களை முன்நின்று பாட வைத்தவர் அவர் என்று யாத்திராகமம் சொல்கிறது.

பொருள் என்ன? அறிஞர்களிடம் ஒரே பதில் இல்லை. கசப்பு என்ற எபிரேயச் சொல்லோடு சிலர் தொடர்புபடுத்துகிறார்கள். எதிர்த்து நிற்றல் என்கிறார்கள் வேறு சிலர். அந்தக் குடும்பம் எகிப்தில் வாழ்ந்ததால், அன்புக்குரியவள் என்ற பொருளுள்ள பழைய எகிப்தியச் சொல்லே இதன் வேர் என்போரும் உண்டு. நமது தப்ஸீர் ஆசிரியர்களில் ஒருவரான ஸமக்ஷரி, அவர்களின் மொழியில் மர்யம் என்றால் வணக்கசாலி என்று எழுதியிருக்கிறார். மாரியம்மனில் வரும் மாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மழையைக் குறிக்கும் தமிழ்ச் சொல்.

ஈஸா (அலை) பிறந்த காலத்துப் பலஸ்தீனில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு இருந்தது. கல்லறை எழுத்துகளிலும் பழைய நூல்களிலும் கிடைத்த அக்காலத்து யூதப் பெண்களின் பெயர்களை ஆய்வாளர்கள் தொகுத்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு மர்யம், சலோமி என்ற இரண்டு பெயர்களே இருந்தன.

இனி நம் பக்கம் வருவோம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தான். 34 இடங்களில் அந்தப் பெயர் வருகிறது. 98 வசனங்கள் கொண்ட 19ஆவது சூறாவுக்கே அதுதான் பெயர். மக்காவில் கொடுமை தாங்காமல் அபீசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் கேட்டபோது, ஜஃபர் (றழி) அவர்கள் அந்நாட்டின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் முன்னால் ஓதியது இந்த சூறாவைத்தான். அரசர் அழுதார். அகதிகளை ஒப்படைக்க மறுத்தார்.

இந்தப் பெயரை வைத்தது யார் என்பதையும் கவனியுங்கள். ஆல இம்றான் சூறாவில், கர்ப்பத்தில் இருந்த பிள்ளையை அல்லாஹ்வின் பணிக்கு நேர்ந்துவிட்ட தாய், பிறந்தது பெண் என்று கண்டதும், மர்யம் என்று தானே பெயரிட்டதாகச் சொல்கிறார். ஒரு தாய் தன் மகளுக்கு வைத்த பெயர் அது. குடி தாய்வழியாக வருகிற, வீடு பெண்பிள்ளைக்குப் போகிற நம் கரையோர ஊர்களில் இதைச் சொன்னால் யாருக்குத்தான் விளங்காது?

அதே சூறா மர்யமில் "ஹாறூனின் சகோதரியே" என்று ஓர் அழைப்பு வருகிறது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் இதைக் காட்டி, மூஸா நபியின் காலத்துக்கும் ஈஸா நபியின் காலத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், இது எப்படிப் பொருந்தும் என்று முகீறா (றழி) அவர்களிடம் கேட்டார்கள். அவர் திரும்பி வந்து நபி (ஸல்) அவர்களிடம் விசாரித்தார். அந்த மக்கள் தமக்கு முன்வாழ்ந்த நபிமார்கள், நல்லவர்களின் பெயர்களைச் சூட்டிக்கொள்வார்கள் என்பதே நபியவர்களின் விளக்கம். ஸஹீஹ் முஸ்லிமில் இது உள்ளது.

எபிரேயப் பெயர் கூடாது என்றால் மர்யமோடு நிற்க முடியாது. மூஸா, யஃகூப், தாவூத், சுலைமான், யூசுப், ஸகரிய்யா, இஸ்மாயீல் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை எத்தனை வாப்பாமாரின் பெயரை மாற்றுவது?

பெயர்கள் வேலி தாண்டிப் போகும். மட்டக்களப்புப் புளியந்தீவில் பேராலயம் புனித மரியாள் பெயரில் நிற்கிறது. கல்முனையில் கத்தோலிக்கர் தொடங்கிய கல்லூரிக்குப் பெயர் கார்மேல் பற்றிமா. கார்மேல் எபிரேய மலை. பற்றிமா, 1917இல் மாதா காட்சி கொடுத்ததாக அவர்கள் நம்பும் போர்த்துக்கல் ஊர். அந்த ஊரின் பெயரோ அறபுப் பாத்திமா! நம் பிள்ளைக்கு எபிரேயப் பெயர், அவர்களின் கல்லூரிக்கு அறபுப் பெயர். யாரும் யாரிடமும் திருடவில்லை.

இனி, "கிழவிமார்ட பேர்" என்ற பேச்சு. பெயர்களுக்கும் போகம் உண்டு. அமெரிக்காவில் மேரி 1880 முதல் 1946 வரை பெண்குழந்தைப் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. இன்று முதல் நூறுக்குள்ளேயே இல்லை. நம் ஊர்களில் உம்மம்மாமார் காலத்தில் மரியம் பீவியும் மரியம் உம்மாவும் வளவுக்கு வளவு இருந்தார்கள். பிறகு முன்னால் பாத்திமா, பின்னால் றிஸ்னா, றிஸ்மா, றிஸ்லா என்று அக்கா தங்கைக்கு எதுகை பார்த்து வைக்கும் காலம் வந்தது. என் வகுப்பு இடாப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க "எம்.எஃப்." என்றே தொடங்கும். பாத்திமா என்ற அருமையான பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப்போனது. பொருள் கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது. இப்போது சின்ன வகுப்புகளில் மர்யம் திரும்பி வருவதைக் காண்கிறேன். மரியம் அல்ல, ஓதும்போது வரும் உச்சரிப்பிலேயே மர்யம். 2014இல் கணிதத்தின் உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணின் பெயரும் மர்யம்தான், ஈரானில் பிறந்த மர்யம் மீர்ஸாகானி.

பெயர் வைக்கப்போகும் வாப்பா, உம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புப் பதிவுக்குப் போகுமுன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தை முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பிறப்புச் சான்றிதழில் மரியம், அடையாள அட்டையில் மர்யம், கடவுச்சீட்டில் இன்னொன்று என்று இருந்தால், சத்தியக் கடதாசியோடு அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.

என்னிடம் கேட்ட அந்த வாப்பாவுக்கு: தாராளமாக வையுங்கள். அநியாயம் செய்பவர்களை எதிர்க்க வழிகள் உண்டு. அதற்காக அல்லாஹ் தன் வேதத்தில் சொன்ன ஒரு பெயரை நாம் அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

உங்கள் குடும்பத்தில் மர்யம் யார்? அவர்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்? கீழே எழுதுங்கள். மௌத்தாகியிருந்தால் அவர்களுக்காக ஒரு துஆவும் செய்துகொள்வோம்.