ஒரு தேக்கரண்டி எண்ணெய்

தோட்டத்தில் சிறு குளம் அமைத்தவர்கள் கோடை வந்ததும் முதலில் ஐயுறுவது குளத்தின் அடித்தளத்தைத்தான். நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கினால், எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று சிமெண்ட் பூசத் தொடங்கிவிடுகிறார்கள். நீர் கீழே போகவில்லை, மேலே போகிறது என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. குளத்து நீரிலேயே ஒரு வாளி நீரை நிறுத்தி வைத்து, இரண்டிலும் மட்டம் ஒரே அளவு இறங்குகிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

கண் காணாத இந்த இழப்பை நிறுத்துக் காட்டியவர்களுள் முன்னோடி எட்மண்ட் ஹாலி (வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான்). உப்பு நீர் நிறைந்த தட்டைக் கோடை வெப்பத்துக்குச் சூடாக்கித் தராசில் தொங்கவிட்டார். குறைந்த எடையைக் கொண்டு, மத்தியதரைக் கடல் ஒரு கோடை நாளில் 528 கோடி டன் நீரை இழக்கிறது என்று 1687-இல் கணக்கிட்டார். ஆவியாதலின் வேகத்தைக் காற்றோட்டம் மிகுவிக்கிறது என்பதை 1802-இல் டால்டன் அளவிட்டுச் சொன்னார்.

இழப்பைத் தடுக்க நீரின் மேல் ஒரு போர்வை போர்த்தினால் என்ன? இக்கேள்வியின் கதை, வேறு நோக்கத்துடன் நீரில் எண்ணெய் விட்ட ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். தம் மூங்கில் கைத்தடியின் மேற்கணுவில் சிறிது எண்ணெயை அடைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். நீரைக் கண்டால் எண்ணெய் ஊற்றி அலையடங்குவதைக் காட்டுவார். லண்டனை அடுத்த கிளாப்பம் பொதுவெளிக் குளத்தில் அவர் செய்த சோதனையின் விவரம் 1774-இல் அச்சேறியது. அலை பெரிதாக இருந்த கரையில், அதாவது காற்று சென்று சேரும் கரையில், முதலில் எண்ணெயை விட்டார். காற்று அதைக் கரைக்கே திருப்பித் தள்ளிவிட்டது. பிறகு எதிர்க்கரைக்குச் சென்று, காற்று புறப்படும் பக்கத்தில் விட்டார். ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர் நீரைக் கண்ணாடியாக்கியது. அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் இரண்டு, மூன்று பங்கு. எளிய வகுத்தல் கணக்குத்தான். ஆனால் பிராங்க்ளின் அதைச் செய்யவில்லை.

நூறாண்டுகளுக்குப் பின், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பாத்திரம் கழுவிய நீரின் மேற்பரப்பை உற்றுநோக்கிய ஆக்னஸ் போக்கல்ஸ் என்னும் பெண், தகரத் தொட்டி ஒன்றில் இத்தகைய படலங்களை அளக்கலானார். கல்லூரி கண்டவர் அல்லர். அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஒற்றை மூலக்கூறு தடிமனுள்ள படலம் ஆவியாதலைக் குறைக்கும் என்று 1925-இல் ரிடீல் காட்டினார். எல்லா எண்ணெயும் இதற்கு ஆகாது. நீண்ட, நேரான மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். செட்டைல் ஆல்கஹால் அப்படிப்பட்டது.

1950-களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்ட் அதை நீர்த்தேக்கங்களில் இட்டுப் பார்த்தார். காற்று ஓய்ந்த சிறு நீர்நிலைகளில் பலன் தெரிந்தது. பரந்த நீரிலோ, காற்று படலத்தைச் சுருட்டிக் கரையில் ஒதுக்கியது. 1958-இல் ஒக்லஹோமாவின் ஹெஃப்னர் ஏரியில் செய்த சோதனையில் மிஞ்சியது ஏறத்தாழ 9 விழுக்காடு சேமிப்பே. எந்த நாளில் காற்று நீரை மிகுதியாகக் கொண்டுபோகிறதோ, அந்த நாளில்தான் போர்வையும் பறந்துபோகிறது. அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு இது எம்மாத்திரம்! கிளாப்பம் குளத்தின் முதல் முயற்சியிலேயே இந்தத் தோல்வி எழுதப்பட்டிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். வெயில் பட்டு நீரில் புரோமேட் உருவாகாமல் தடுப்பது முதன்மை நோக்கம். ஆவியிழப்பைக் குறைப்பது உடன் கிடைத்த பயன். பந்துகளைக் காற்று அடித்துச் செல்லாதிருக்க உள்ளே நீர் அடைத்திருந்தார்கள். அவற்றைச் செய்யச் செலவான நீர் 29 லட்சம் கனமீட்டர் என்றும், 2017 மார்ச் வரையிலான வறட்சிக் காலத்தில் மிச்சமானது 17 லட்சம் கனமீட்டர் என்றும் 2018-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஏரிக்கு இல்லாத ஒரு வசதி தோட்டக் குளத்துக்கு உண்டு. காற்று புறப்படும் பக்கத்தில் அதற்கு ஒரு சுவரோ செடிவேலியோ எழுப்ப முடியும்.